34 கிராம் மல்லி

மகளுக்கு முதலில் வேண்டியிருந்தது பச்சைக்கிளி. லால்குடியில் என் தாத்தா வீட்டுத் திண்ணையில் இரும்புக் கூண்டில் ஒரு கிளி இருந்தது. வாசல் ஏறி யார் வந்தாலும் "யாரது, யாரது" என்று கேட்கும். அந்தக் கதையை நான்தான் அவளிடம் சொல்லித் தொலைத்தேன். 2019 ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டாள்.

நம் ஊர்க் கிளி எதையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. கழுத்தில் வளையம் போட்ட சாதாரணப் பச்சைக்கிளி, அதைவிடப் பெரிய மலைக்கிளி எல்லாமே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. பிடிப்பதும் விற்பதும் மட்டுமல்ல, வாங்கி வளர்ப்பதும் குற்றம்தான். இது தெரியாமல் இன்றும் பலர் வைத்திருக்கிறார்கள். நான் விசாரித்த ஓர் இடத்திலேயே ஒருவர் குரலைத் தாழ்த்தி, "மலைக்கிளிக் குஞ்சு இருக்கு சார், நல்லா பேசும்" என்றார். அவை மரப்பொந்திலிருந்து இறகு முளைக்கும் முன்பே எடுத்து வரப்படுபவை. வேண்டாம் என்று வந்துவிட்டேன். மகள் இரண்டு நாள் பேசவில்லை.

அப்புறம் சமாதானமாக வந்ததுதான் 'லவ் பேர்ட்ஸ்'. நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று கேட்டால் பச்சை, நீலம், மஞ்சள் நிறங்களில் உடம்பெல்லாம் அலை அலையாகக் கோடு போட்ட சின்னக் கிளியைத்தான் கொடுப்பார்கள். அது லவ் பேர்ட் அல்ல. பட்ஜெரிகர், சுருக்கமாக பட்ஜி. நிஜமான லவ் பேர்டுக்கு இங்கே 'ஆஃப்ரிக்கன் லவ் பேர்ட்ஸ்' என்று பெயர். அது இதைவிடக் கொழுகொழுவென்று, வால் குட்டையாக, விலை கூடுதலாக இருக்கும். பட்ஜியின் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் உட்பகுதி வறண்ட நிலம். 1840இல் ஜான் கூல்ட் என்கிற பறவையியலாளர் உயிருள்ள பட்ஜிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அன்றிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே குஞ்சு பொரித்து வந்தவை இவை. அதனால் காட்டிலிருந்து திருடிய பாவம் இல்லை, சட்டச் சிக்கலும் இல்லை. இவ்வளவு தெரிந்துகொண்டு பெரிய கெட்டிக்காரன் போலக் கடைக்குப் போனேன். தெரிந்துகொள்ள வேண்டிய எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒரே கூண்டில் நாற்பது பறவை இருக்கும். மகள் ஒரு பச்சையையும் ஒரு நீலத்தையும் காட்டினாள். "ஜோடி நானூறு. ரெண்டுமே மூணு மாசக் குஞ்சு சார், கையில பழகிடும்" என்று சொல்லிப் பிடித்து, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். கோபுரம் போல வட்டமாக ஒரு கூண்டு தொள்ளாயிரம் ரூபாய். கூடவே ஒரு கிலோ தினை. பில் போட்டவர் கடைசியில், "தண்ணி மட்டும் மாத்துங்க, வேற ஒண்ணும் வேலையே இல்ல" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பி நாங்கள் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கிறோம்.

இரண்டும் மூன்று மாதக் குஞ்சு இல்லை. பச்சை மட்டும்தான் குஞ்சு. பட்ஜியின் வயதைக் கண்டுபிடிக்க நெற்றியைப் பார்த்தால் போதும். குஞ்சுக்குத் தலையிலுள்ள கறுப்புக் கோடுகள் மூக்கு வரைக்கும் இறங்கி வந்திருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்ததும் நெற்றி வெறுமையாகிவிடும். கண்ணும் காட்டிக்கொடுக்கும். குஞ்சுக்கு முழுக் கறுப்பு. பெரியதுக்குக் கருவிழியைச் சுற்றி வெளிறிய வளையம் விழுந்திருக்கும். எங்கள் நீலத்துக்கு நெற்றி பளிச்சென்று இருந்தது, வளையமும் இருந்தது. அதாவது வளர்ந்த பறவை. அது கடைசிவரை எங்கள் கைக்கு வரவே இல்லை. அதன் மேல் குற்றமில்லை. எத்தனை கை மாறி வந்ததோ.

பச்சைக்கு மகள் வைத்த பெயர் கறிவேப்பிலை. கூப்பிடச் சுருக்கமாகக் 'கறி'. அதைக் கேட்ட என் அம்மா, "உசுரோட இருக்கறத கறின்னா கூப்பிடுவ?" என்று அதட்டியதில் அது மல்லி ஆனது. நீலம், நீலா. பெண் பிள்ளை என்று நினைத்து மல்லி என்று வைத்தோம். ஐந்தாவது மாதத்தில் அதன் மூக்கு நீலமாக மாறியது. அலகுக்கு மேலே மூக்குத் துளைகள் இருக்கிற மெழுகு போன்ற பகுதியைச் சொல்கிறேன். ஆணுக்கு அது நீலம். பெண்ணுக்கு வெளிறிய நிறமாகவோ, முட்டையிடும் காலத்தில் சொரசொரப்பான பழுப்பாகவோ இருக்கும். குஞ்சாக இருக்கும்போதே துளையைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் பெண் என்று எடுத்துக்கொள்ளலாம். முழு வெள்ளை, முழு மஞ்சள் பறவைகளுக்கு இந்தக் கணக்கு சரிவராது. அவற்றில் ஆணுக்கும் மூக்கு ஊதா கலந்த இளஞ்சிவப்பாகவே நின்றுவிடும். ஆண் என்று தெரிந்த பிறகும் மல்லி மல்லியாகவே இருந்துவிட்டது.

ஒரு மாதத்துக்குள் வட்டக் கூண்டு பரணுக்குப் போனது. பறவை ஹெலிகாப்டர் மாதிரி நேராக மேலே பறப்பதில்லை, பக்கவாட்டில் பறக்கிறது. அதற்கு உயரம் வேண்டாம், நீளம் வேண்டும். மூன்றடி நீளத்தில் பழைய செவ்வகக் கூண்டு ஒன்று கிடைத்தது. கம்பி இடைவெளி அரை அங்குலம். அதைவிட அகலமாக இருந்தால் தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் குச்சிகளை எறிந்துவிட்டு, எதிர்வீட்டுக் கொய்யா மரத்தில் கிளை வெட்டிக் கழுவிக் காயவைத்துக் கட்டினேன். ஒரே தடிமனுள்ள குச்சியில் நாள் முழுக்க நின்றால் பாதத்தில் ஒரே இடம் அழுந்திப் புண்ணாகும். கிளையென்றால் ஒரு பக்கம் தடியாக, ஒரு பக்கம் மெல்லியதாக இருக்கும். பட்டையை உரித்துத் துப்பவே இரண்டு நாள் வேலை கிடைத்தது அவற்றுக்கு.

முதலில் கூண்டைத் தொங்கவிட்டது பால்கனியில். திருச்சி மே மாதம். மதியம் ஒன்றரை மணிக்கு எட்டிப் பார்த்தால் இரண்டும் வாயைத் திறந்து, சிறகுகளை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றன. வேடிக்கையாகத் தெரிந்தது. அது வேடிக்கை இல்லை, சூடு தாங்கவில்லை என்பதற்கான அடையாளம். ஆஸ்திரேலிய வெயிலைத் தாங்குகிற பறவைதானே என்பார்கள். அங்கே அது நிழலுக்கும் தண்ணீருக்கும் பறந்து போகும். கூண்டில் எங்கே போகும்? கூடத்தில் சுவர் ஓரமாக, ஒரு பக்கமாவது அண்டிக்கொள்ள இடம் இருக்கிற மாதிரி மாற்றினோம். கோடையில் கூண்டின் ஒரு பக்கம் ஈரத் துணி, உள்ளே ஒரு மண் அகலில் தண்ணீர். அகலில் அவை குளிக்கவே இல்லை. ஈரக் கொத்தமல்லிக் கட்டைச் செருகினால் அதில் புரண்டு புரண்டு நனைந்தன. மல்லி மல்லியில் குளிக்கிறது என்று மகள் தெரு முழுக்கச் சொன்னாள்.

அந்த மே மாதத்திலேயே ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் மதுரை போனோம். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்து, "தினை குறைஞ்சா போட்டுடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவர் தினமும் வந்து பார்த்திருக்கிறார். கிண்ணம் நிறையத் தினை. அதனால் ஒன்றும் போடவில்லை. நாங்கள் வந்தபோது இரண்டும் கிண்ணத்தின் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தன. நான் கிண்ணத்தைக் கையில் எடுத்து யதேச்சையாக ஊதினேன். கூடமெல்லாம் பறந்தது. அத்தனையும் உமி. பட்ஜி தினையை முழுதாக விழுங்காது. அலகிலேயே உடைத்துப் பருப்பை எடுத்துக்கொண்டு, உமியை அதே கிண்ணத்தில் போட்டுவிடும். மேலே பார்த்தால் நிறைந்த கிண்ணம், அடியில் ஒன்றுமில்லை. இவ்வளவு சின்னப் பறவை ஒரு நாள் பட்டினியே தாங்காது. அன்றிலிருந்து காலையில் பல் தேய்ப்பதற்கு முன் கிண்ணத்தை ஊதுவது என் வேலை.

வெறும் தினை மட்டும் போட்டால் அது நாம் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு மட்டும் தின்பது மாதிரி. வைட்டமின் ஏ குறைந்து மூக்கும் நெஞ்சும் கெட்டுப்போகும் என்று பின்னாளில் மருத்துவர் சொன்னார். தினை, சாமை, கொஞ்சம் கம்பு கலந்து அடிப்படை உணவு. தினமும் ஏதாவது ஒரு பச்சை: முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட். முளைகட்டிய பாசிப்பயறு வைத்தால் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், நம் வெக்கைக்குப் புளித்துவிடும். முதலில் மூன்று வாரம் கீரையைப் பார்த்து மிரண்டு ஓடின. விடாமல் வைத்தோம். மகள் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து, அதே கேரட்டைக் கடித்துக் காட்டினாள். அதுதான் வேலை செய்தது. கூட்டத்தில் ஒருவர் தின்பதைப் பார்த்து மற்றவரும் தின்பது பட்ஜிகளின் வழக்கம். சூரியகாந்தி விதை அவற்றுக்கு மிக்சர் மாதிரி. கொடுத்தால் மற்றதை விட்டுவிட்டு அதையே தின்று கொழுத்துவிடும். தரவே கூடாதவை வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, டீ. வெண்ணெய்ப்பழம் பறவைக்கு நஞ்சு. சுண்ணாம்புச் சத்துக்குக் கடையில் பொட்டலம் போட்டு நூறு ரூபாய்க்கு விற்கும் கணவாய் ஓட்டை வாங்க வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேளுங்கள், அதேதான், பத்து இருபது ரூபாய்.

இனி வீடு. இவை வந்த பிறகுதான் எங்கள் வீட்டிலுள்ள பொருள்களை நான் சரியாகப் பார்த்தேன்.

பறவையின் நுரையீரல் நம்முடையது மாதிரி இல்லை. உள்ளே காற்றுப் பைகள் இருக்கின்றன. காற்று நுரையீரல் வழியாக ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். பறக்க வேண்டிய உடம்புக்கு ஆக்ஸிஜனை உறிஞ்சுவதற்கு அந்த ஏற்பாடு. நஞ்சையும் அதே வேகத்தில் உறிஞ்சும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயு இருக்கிறதா என்று அறிய 1986 வரைக்கும் கேனரிப் பறவைகளை வைத்திருந்தது இதனால்தான். ஒட்டாத தோசைக்கல்லை வெறும் அடுப்பில் மறந்து காய விட்டால் அதன் பூச்சிலிருந்து வரும் ஆவி நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. கூடத்திலிருக்கும் பறவை நிமிஷங்களில் விழுந்துவிடும். இதைப் படித்த அன்றே மனைவி அந்தக் கல்லை எடுத்து மூட்டை கட்டிவிட்டு, அம்மாவின் பழைய இரும்புக் கல்லுக்குத் திரும்பிவிட்டாள். கொசுவர்த்தி, ஊதுபத்தி, மிளகாய் வறுக்கும் நெடி எல்லாம் அதே பட்டியல்தான்.

மிச்சமிருந்தது சாம்பிராணி. என் அம்மா வெள்ளிக்கிழமை மாலை தூபக்காலில் கங்கு போட்டு, வீடு வெள்ளையாகிற அளவுக்குப் புகை போடுபவர். "நாப்பது வருஷமா போடறேன். முந்தாநாள் வந்த குருவிக்காக நிறுத்தணுமா?" என்றார். எனக்கு வாதாடத் தெரியவில்லை. பேச்சு நின்று ஒரு வாரம் ஆனது. மகள்தான் தீர்த்துவைத்தாள். சாம்பிராணிக்கு முன் கூண்டு படுக்கையறைக்குப் போகும், கதவு மூடும், கதவடியில் துணி, ஜன்னல் திறந்திருக்கும். புகை அடங்கி முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பும். இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை நான் அலுவலகத்திலிருந்து வரும்போது அம்மா சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்: "விளக்கு ஏத்த நேரமாச்சு, குருவிய உள்ள எடுங்கடி!"

அடுத்தது ஃபேன். மாலையில் கதவு ஜன்னல் சாத்திவிட்டு மல்லியை வெளியே விடுவோம். அதற்குப் பிடித்த இடம் நின்றுபோன ஃபேனின் இறக்கை. அங்கேதான் உயரம், அங்கேதான் ஊர் முழுக்கத் தெரியும். ஒருநாள் என் மச்சான் வெயிலில் வண்டி ஓட்டி வந்தவன், "என்னா வெயில் மாமா" என்றபடியே நேராக சுவிட்சைத் தட்டிவிட்டான். இறக்கை மெல்ல அசைந்தது. மல்லி அதன் மேலேயே உட்கார்ந்து அரை வட்டம் போனது, ராட்டினத்தில் போகிற குழந்தை மாதிரி. நான் பாய்ந்து அணைத்தேன். நல்லவேளை ரெகுலேட்டர் ஒன்றில் இருந்தது. மறுநாள் சுவிட்சின் மேல் ஓர் அட்டையை ஒட்டினோம்: 'மேலே பார்.' அந்த அட்டை இப்போதும் இருக்கிறது. பறக்கும் இறகை வெட்டிவிட்டால் இந்த ஆபத்தெல்லாம் இல்லையே என்று சொன்னவர்கள் உண்டு. வாங்கிவந்தபோது மல்லிக்கு ஒரு பக்க இறகைக் கடையிலேயே வெட்டித்தான் கொடுத்திருந்தார்கள். பறக்கப் பார்த்து ஒவ்வொரு தடவையும் ஒருக்களித்துத் தரையில் விழுந்தது. இன்னொரு தடவை அதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

கைப்பழக்கம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நாங்கள் முதல் இரண்டு வாரம் ஒன்றுமே செய்யவில்லை. கூண்டுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து மகள் கதைப் புத்தகத்தை வாய்விட்டுப் படிப்பாள், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் முழுத் தினைக்கதிர் ஒன்று கிடைத்தது. கதிரின் ஒரு நுனியை அவள் பிடித்துக்கொள்ள, மறு நுனியை மல்லி கொறிக்கும். தினம் கதிர் குறையக் குறையக் கை கிட்டே வரும். பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கதிரின் கடைசி இரண்டு அங்குலம் மிச்சம். மல்லி கழுத்தை நீட்டியது, எட்டவில்லை. ஒரு காலைத் தூக்கி அவள் விரலில் வைத்துப் பார்த்தது, எடுத்தது. மறுபடி வைத்தது. பிறகு மற்றக் காலும் வந்தது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு விரல்களும் அவள் விரலை நூல் சுற்றுகிற மாதிரி சுற்றிக்கொண்டன. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கிசுகிசுத்தாள்: "அப்பா, காலு சுடுதுப்பா." உண்மைதான். பறவையின் உடம்பு நம் உடம்பைவிடச் சூடாக இருக்கும். எனக்கு அது அன்றுவரை தெரியாது.

துரத்திப் பிடித்து, துண்டு போட்டு அமுக்கிப் பழக்குபவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பழகியது போலத் தெரிகிற பறவை பெரும்பாலும் பயத்தில் உறைந்துபோன பறவைதான்.

இனிமேல் சொல்வது எங்கள் தப்பு. பார்த்தவர்கள் எல்லாம் "ஜோடியா இருக்கே, பானை கட்டலையா?" என்று கேட்டார்கள். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் கூண்டென்றால் பக்கத்தில் ஓட்டை போட்ட மண்பானை தொங்க வேண்டும் என்பது ஒரு சாஸ்திரம். பானை படுக்கை இல்லை, பிரசவ அறை. பட்ஜி தூங்கப் பானை தேவையே இல்லை, குச்சியிலேயே தூங்கும். இருட்டான பொந்து கண்ணில் பட்டால் பெண் பறவையின் உடம்பு முட்டைக்குத் தயாராகத் தொடங்கிவிடும். இது தெரியாமல் நவம்பரில் ஒரு பானையைக் கட்டினேன். நீலா அன்றைக்கே உள்ளே போய்விட்டது. டிசம்பர் முதல் வாரம் முதல் முட்டை. ஒருநாள் விட்டு ஒருநாள் இன்னொன்று, இன்னொன்று. அடைகாப்பது பெண் மட்டும்தான். ஆண் வெளியிலிருந்து ஊட்டும். பதினெட்டாம் நாள் குஞ்சு வரும் என்று மகள் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தாள்.

நான்காவது முட்டை வர வேண்டிய நாள் மாலை நீலா பானையை விட்டு வெளியே வந்து கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தது. இறகையெல்லாம் உப்பிக்கொண்டு, பந்து மாதிரி. மார்கழி தொடங்குகிற நேரம். குளிர்கிறது போல என்று கூண்டைத் துணியால் மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையிலும் அதே இடம். கால்களை அகட்டி, கண்ணை மூடி, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. முதலில் போன இடத்தில், "குருவிக்கெல்லாம் நாங்க பாக்கறதில்லையே" என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு மருத்துவரின் விலாசம் வாங்கி ஆட்டோவில் ஓடினோம். மடியிலிருந்த டப்பாவைப் பார்த்து, ஆட்டோக்காரர் என்ன விலை என்று கேட்டார். ஜோடி நானூறு என்றேன். "வைத்தியத்துக்கு எவ்ளோ ஆகும்?" தெரியாது என்றேன். அவர் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கணக்குப் போட்டுப் பார்த்தார். "அந்தக் காசுக்கு இன்னொரு ஜோடி வந்துடுமே சார்." மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முட்டை அடைத்துக்கொண்டிருந்தது. மருத்துவர் சூடான விளக்கடியில் வைத்து, கால்சியம் ஊசி போட்டார். "எப்ப இருந்து இப்படி உக்காந்திருக்கு?" என்று கேட்டார். நேற்று மாலை என்றேன். அவர் திட்டவில்லை. "வெளியில உடம்பு முடியலன்னு காட்டிக்கிட்டா அன்னிக்கே பருந்து தூக்கிடும். அதனால முடியற வரைக்கும் மறைக்கும். உப்பிக்கிட்டு தரையில உக்காந்துடுச்சுன்னா அது கடைசிக் கட்டம் சார். காலையில பாத்துக்கலாம்னு விடக்கூடாது" என்றார். பதினொரு மணி வாக்கில் நீலா போய்விட்டது. தொடர்ந்து முட்டையிடும் பறவைக்குச் சுண்ணாம்புச் சத்து போதவில்லையென்றால் இப்படி ஆகும் என்றார். எங்கள் கூண்டில் கடல் நுரை வந்ததே அதற்குப் பிறகுதான். முட்டைகளை அடைகாக்க ஆளில்லை. மல்லி இரண்டு நாள் பானை வாசலில் போய் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அம்மாவே அதை அவிழ்த்துக் கொண்டுபோய்க் கொல்லையில் வைத்தார். காலண்டரில் அந்த வட்டம் டிசம்பர் முடியும்வரை இருந்தது.

கிளம்பும்போது மருத்துவர் ஒரு யோசனை சொன்னார். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, வாரம் ஒரு தடவை ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதி வையுங்கள், கண்ணுக்குத் தெரியாதது அதில் தெரியும் என்றார். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவனுக்கு இதைவிடப் பிடித்த வைத்தியம் இருக்க முடியாது. முந்நூற்றைம்பது ரூபாய் தராசு, நாற்பது பக்க நோட்டு. ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தட்டில் நான்கு தினை போட்டால் மல்லி ஏறி நிற்கும். 34 கிராம். சில வாரம் 35. இரண்டரை வருஷம் கழித்து ஒரு ஞாயிறு 32 காட்டியது. அடுத்த ஞாயிறு 30. பார்த்தால் ஒரு குறையும் இல்லை. பாடுகிறது, பறக்கிறது, கிண்ணத்தில் முன்னைவிட அதிக நேரம் நிற்கிறது. எச்சத்தைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு போனோம். நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, இரைப்பையில் ஒருவகைப் பூஞ்சை, தின்பது செரிக்காமல் போகிறது என்றார். மருந்தும் வைத்தியமும் சேர்த்து ஆயிரத்து நூறு ரூபாய். ஆட்டோக்காரர் ஞாபகம் வந்தது. ஐந்து வாரத்தில் 33க்கு வந்தது.

கூண்டின் அடியில் தினமும் மாற்றும் செய்தித்தாளையும் அப்போதிலிருந்து படிக்கத் தொடங்கினேன். செய்தியை அல்ல. கரும்பச்சையும் நடுவில் வெள்ளையுமாகச் சின்னச் சின்னப் புள்ளியாக இருந்தால் நல்லது. தண்ணீராகவோ முழுத் தினையோடோ இருந்தால் போன் எடுக்க வேண்டும்.

நீலா போனபின் 2020 ஊரடங்கு வந்தது. வீட்டில் எல்லோரும், கூண்டில் தனியாள். தனிப் பறவை மனிதர்களிடம் பேச வரும் என்பார்கள், வந்தது. மகள் மணிக்கணக்கில் சொல்லிக்கொடுத்த 'ஹலோ' அதன் வாயில் வரவே இல்லை. வந்தது என் அம்மாவின் குரல். ராத்திரி ஏழரைக்குக் கூண்டின் மேல் தன் பழைய நூல்புடவையைப் போர்த்தும்போது அவர் தினமும் "தூங்குடா ராஜா" என்பார். ஒருநாள் போர்வைக்குள்ளிருந்து கரகரவென்று, வேகமாக, பழைய ரேடியோவில் கேட்கிற மாதிரி, "தூங்குடா ராஜா" என்று பதில் வந்தது. அம்மா பயந்துபோய் உட்கார்ந்துவிட்டார். பக் என்கிற பட்ஜி ஒன்றுக்கு 1,728 சொற்கள் தெரிந்திருந்ததாக கின்னஸ் பதிவு இருக்கிறது. எங்களுடையதுக்கு ஆறு. அதில் இரண்டு குக்கர் விசில்.

அந்தத் தனிமைக் காலத்தில் பொழுதுபோக ஒரு கண்ணாடியைக் கட்டினோம். மல்லி நாளெல்லாம் கண்ணாடிக்கு ஊட்டத் தொடங்கியது. தின்றதைக் கக்கிக் கக்கிக் கண்ணாடியில் பூசிவிட்டு, எதிரில் இருப்பது தின்னவில்லையே என்று தவித்தது. எடுத்துவிட்டோம். ஊரடங்கு தளர்ந்ததும் வீட்டிலேயே வளர்க்கும் ஒருவரிடம், நெற்றிக் கோட்டையும் மூக்கையும் பார்த்து, இன்னோர் ஆண் குஞ்சு வாங்கினோம். இரண்டு ஆண்கள் சண்டையில்லாமல் இருந்துவிடும், முட்டைக் கவலையும் இல்லை. ஆனால் நேரே கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. முப்பது நாள் வேறு அறை, வேறு கிண்ணம், தொட்டால் கை கழுவல். கிளிக் காய்ச்சல் என்று ஒன்று பறவையிலிருந்து மனிதருக்கும் வரக்கூடியது. வீட்டில் வயதானவர் இருக்கிறார். முப்பத்தோராம் நாள் இரண்டு கூண்டும் பக்கத்தில் வந்தன. அடுத்த வாரம் ஒரே கூண்டு. அதன்பின் மல்லி எங்களிடம் பேசுவது பாதியாகக் குறைந்துவிட்டது. மகளுக்கு அதில் கொஞ்சம் பொறாமை. இரண்டும் ஒன்றின் தலையை ஒன்று கோதிக்கொண்டு கண் மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நமக்கென்ன உரிமை இருக்கிறது என்று தோன்றும்.

மகள் இப்போது பிளஸ் டூ. மல்லிக்கு ஆறு வயது தாண்டிவிட்டது. பட்ஜிகள் ஐந்திலிருந்து பத்து வருஷம் வரை இருக்கும். உச்சிக் கிளையை விட்டுவிட்டுக் கீழ்க் கிளையில் உட்காரத் தொடங்கியிருக்கிறது. அதனால் கிண்ணத்தையும் தாழ்த்திக் கட்டியிருக்கிறேன். எடை நோட்டு இப்போது மூன்றாவது.

போன மாதம் அலுவலகத்தில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, பையன் லவ் பேர்ட்ஸ் கேக்கறான். ஜோடி நானூறு, அறுநூறுதானாமே?" சாப்பாட்டு வேளை முழுக்கச் சொன்னேன். நெற்றிக் கோடு, உமி, தோசைக்கல், பானை, தராசு, பறவை பார்க்கும் மருத்துவரை முதலிலேயே தேடி வைத்துக்கொள்வது, ஊருக்குப் போனால் யார் ஊதுவார்கள் என்பது வரை. அவன் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் வந்து, "வீட்ல பேசினோம்ணே, கலர் மீன் வாங்கிட்டோம். ஒரு கண்ணாடிக் குடுவைதான், தண்ணி மட்டும் மாத்தினா போதுமாம்" என்றான்.